சறுக்கப் பழகிய நாள்

"சரி, இனிக் காரைச் சறுக்க விடு" என்றார் டோரின்.

காதில் விழுந்தது சரிதானா என்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்து இருக்கையில், சிவப்புக் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, மூடி போட்ட கோப்பிக் குவளையை மடியில் இடுக்கிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். கலியாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவரைப்போல அத்தனை நிம்மதியான முகம்.

எங்களுக்கு முன்னால் பழைய விமான ஓடுபாதை ஒன்று நீண்டு கிடந்தது. ரொறன்ரோவுக்கு வடக்கே, சோள வயல்களுக்கு நடுவில், விமானங்கள் எப்போதோ கைவிட்டுப்போன இடம். அதன் ஒரு பாதியில் தண்ணீர் பாய்ச்சி உறைய விட்டிருந்தார்கள். மாசி மாத வெயில் பட்டு அது எவர்சில்வர் தட்டுப்போல மின்னியது. இரண்டு கரையிலும் செம்மஞ்சள் கூம்புகள். அவற்றுக்கு அப்பால் வாரிக் குவித்த பனி.

"சறுக்காமல் ஓட்டப் பழகத்தானே நான் வந்தேன்?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"சறுக்காத காரில் நான் எதைச் சொல்லித் தருவது?" என்றார் அவர். "போ. இங்கே மோதுவதற்கு ஒன்றுமே இல்லை."

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. இரண்டு சோடிக் காலுறை, அதற்குமேல் என் கணவரின் பெரிய சப்பாத்து, கழுத்தைச் சுற்றி இரண்டு சால்வை. அந்த வயதுவரைக்கும் விழாதே, தடக்காதே, கவனம் என்றுதான் எல்லோரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். விழு, பரவாயில்லை என்று சொன்ன முதல் ஆள் டோரின்தான்.

கியரைப் போட்டேன். கார் அசையவில்லை. பிறேக்கிலிருந்து நான் காலை எடுக்கவே இல்லை என்பதை அவர்தான் சுட்டிக்காட்டினார்.

பச்சைக் கதவு

நான் கார் ஓட்டப் பழகிய கதையே ஒரு கூத்து. நகரின் நடுவில், சென் ஜேம்ஸ் ரவுணில் மாடி வீட்டில் இருந்த காலத்தைப் பற்றி இந்தத் தொடரில் நிறைய எழுதிவிட்டேன். அங்கே எங்களுக்குக் கார் தேவைப்படவில்லை. கடைக்கு நடை, வேலைக்குச் சப்வே, மழை பெய்தால் ஸ்ரீற்கார். கார் என்பது மற்றவர்களிடம் இருப்பது, அவர்கள் கோயிலுக்குப் போகும்போது நாங்கள் பின் சீற்றில் நெருக்கிக்கொண்டு ஏறுவது.

நகரின் விளிம்பில் உள்ள மில்லிக்கனுக்குக் குடி வந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. பாண் வாங்கவும் கார், பால் வாங்கவும் கார். பஸ்ஸுக்குக் காத்து நின்றால் மூக்கு உறைந்துவிடும். என் கணவர் எனக்கு முன்பே லைசென்ஸ் எடுத்துவிட்டார். அவரே எனக்கும் பழக்குவதாகச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைகள் திறக்குமுன் ஒரு பிளாசாவின் பார்க்கிங்குக்குக் கூட்டிப்போனார்.

"மெல்ல... மெல்ல எண்டு சொல்லுறனெல்லே!"

"மெல்லத்தானே போறன்."

"இது மெல்லவோ? நிக்கிற காரை விட மெல்லப் போகோணும்."

அவர் பக்கத்தில் பிறேக் இல்லை. ஆனாலும் இருப்பதாக நினைத்து மிதித்துக்கொண்டே இருப்பார். ஒரு மாதத்தில் அந்தப் பக்கத்து மிதியடி தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. கடைசியில் ஒருநாள் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, "இஞ்சரும், நாங்கள் புருசன் பெண்சாதியா இருக்கிறதெண்டால், நீர் வேறை ஆரிட்டையும் பழகும்" என்றார். அது அவர் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று.

பிறகு ஒரு தமிழ் ட்றைவிங் மாஸ்ரர் வந்தார். பரமேஸ் மாஸ்ரர் என்று எல்லோரும் சொல்வார்கள். அவருக்குப் பரீட்சை எடுக்கும் வீதிகள் எல்லாம் தேவாரம்போல மனப்பாடம். அதையே எனக்கும் பாடமாக்கினார்.

"ஸ்ரொப் சைனிலை முழுசா நிப்பாட்டுங்கோ. மனசுக்குள்ளை மூண்டு எண்ணுங்கோ. பேந்து வலப்பக்கம் பச்சைக் கதவு வீடு ஒண்டு வரும். அது கண்ணிலை பட்டவுடனை சிக்னல் போடுங்கோ. பரீட்சைக்காரன் கேக்க முந்திப் போட்டால் அவனுக்குச் சந்தோசம்."

பச்சைக் கதவு வந்தது. சிக்னல் போட்டேன். பாஸ். அந்த வீட்டுக்காரர் அந்தக் கோடையில் கதவுக்கு வேறு நிறம் அடித்திருந்தால் நான் இன்றைக்கும் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருப்பேன்.

இப்படித்தான் எனக்கு லைசென்ஸ் கிடைத்தது. ஒரு பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்து, எழுதி முடித்துவிட்டேன். ஓட்டத் தெரிந்ததா என்று கேட்டால், தெரிந்த றோட்டில் தெரிந்தது.

லொறிக்குப் பின்னால்

அந்த நாட்களில் நான் மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானச் சாப்பாடு அடுக்கும் ஒரு பெரிய சமையற்கூடத்தில் வேலை செய்தேன். ஓடும் பட்டியில் தட்டுகள் வரும். ஒருவர் பணிஸ் வைப்பார், ஒருவர் சலாட் வைப்பார், நான் இனிப்பு வைப்பேன். நாங்கள் அடுக்கிய கேக் எந்த நாட்டின்மேல் பறக்கும்போது சாப்பிடப்படும் என்று பந்தயம் பிடித்துக்கொள்வோம்.

எங்கள் பகுதியிலிருந்து மூன்று பெண்கள் போனோம். யோகமக்கா என் வீட்டுக்கு நாலைந்து வீடு தள்ளி இருந்தார். என்னைவிட மூத்தவர், முழங்காலில் வாதம், வாயில் ஓய்வே கிடையாது. றஞ்சி மட்டக்களப்புப் பிள்ளை. முப்பது வயதுகூட ஆகவில்லை, கைக்குழந்தைக்காரி. மூவரில் லைசென்ஸ் உள்ளவள் நான் மட்டும்தான். ஆகவே எங்கள் நீல நிறப் பழைய கார்தான் மூவருக்கும் தேர்.

அந்தக் காருக்குள் இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் எனக்கு விளக்கத் தெரியவில்லை. வெளியே வெள்ளாப்பு வெளுக்கும் நேரம். உள்ளே ஹீற்றர் காற்றோடு மூன்று பேரின் மதியச் சாப்பாட்டு மணமும் கலந்து வரும். சுட்ட மிளகாய்ச் சம்பல் ஒரு நாள், கத்தரிக்காய்ப் பால்கறி ஒரு நாள். போத்தலில் இஞ்சித் தேத்தண்ணி. யோகமக்கா முந்தின நாள் தொலைபேசியில் கேட்ட ஊர்க்கதை, வெளிநாட்டுக்கதை எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவார். றஞ்சி சிரித்துச் சிரித்து இருக்கையிலிருந்து வழுகிவிடுவாள்.

ஒரே ஒரு சட்டம் இருந்தது. 401 ஹைவேயில் ஏறும்போது மட்டும் யாரும் கதைக்கக்கூடாது. நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அவர்களும் பிடித்துக்கொள்வார்கள். ஏறி, வலது ஓர லேனில் ஒரு லொறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட பிறகுதான் மூன்று பேரும் ஒன்றாக மூச்சு விடுவோம்.

அந்த லொறியை விட்டு நான் விலகவே மாட்டேன். முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. லொறியின் பின்கதவுதான் எனக்கு உலகம். ஒருநாள் அது எங்கள் வழியில் போகாமல் முன்னமே இறங்கிவிட, நானும் பின்னாலேயே இறங்கி, ஒரு மரக்காலைக்குள் போய் நின்றேன். லொறிக்காரன் இறங்கிவந்து, பலகை வாங்க வந்தீர்களா என்று கேட்டான். யோகமக்கா கண்ணாடியை இறக்கி, "நோ, நோ, ஜஸ்ற் லுக்கிங்" என்றார்.

திரும்பி நின்ற கார்

ஒரு மார்கழி மாதத்துக் காலை. இரவு மழை தூறி, விடியப் புறம் உறைந்திருந்தது. றோட்டைப் பார்த்தால் ஈரமாகத்தான் தெரிந்தது. ஹைவேக்கு ஏறும் வளைவில் வழக்கம்போல மூன்று பேரும் மூச்சைப் பிடித்தோம்.

வளைவின் பாதியில் காரின் பின்பக்கம் தனியே புறப்பட்டுவிட்டது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. முன்பக்கம் என்னிடம் இருந்தது, பின்பக்கம் வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது. நான் பிறேக்கை அமர்த்தினேன். வெளிச்சக் கம்பங்கள் ஒவ்வொன்றாக முன் கண்ணாடியைக் கடந்து ஓடின. பிறகு எல்லாம் நின்றது.

நாங்கள் வந்த வழியைப் பார்த்தபடி நின்றோம். எங்களுக்கு நேரே ஒரு பெரிய லொறி, அதன் இரண்டு விளக்குகளும் எங்கள் முகத்தில். அது ஒரு கார் நிற்குமளவு இடம் விட்டு நின்றிருந்தது.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. யோகமக்காவின் சாப்பாட்டுப் பெட்டி திறந்து, பருப்பும் சோறும் பின் கண்ணாடி முழுக்க ஒட்டியிருந்தன. லொறிக்காரர் இறங்கிவந்து, பின்னால் வந்த வாகனங்களை மறித்து, காரைத் திருப்ப உதவினார். றஞ்சி என் தோளைப் பிடித்த கையை வேலைத்தலம் வரும்வரை எடுக்கவில்லை.

அன்று பின்னேரம் எப்படியோ வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். கார்த் திறப்பை மேசையில் வைத்துவிட்டு என் கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, இனி எனக்கு ஏலாது. காரை நீங்களே வைச்சிருங்கோ."

அவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார். இரவு வேலைக்குப் போகிற மனிசன், காலையில் எங்களை ஏற்றிப்போக அவராலும் முடியாது.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மூன்று பேரும் பஸ்ஸில் போகத் தொடங்கினோம். பஸ், சப்வே, மறுபடியும் பஸ், அதற்குப் பிறகு இன்னொரு பஸ். பிள்ளையைப் பார்க்கும் இடம் கதவு திறக்குமுன்பே றஞ்சி புறப்பட வேண்டியிருந்தது. விட ஆளில்லாமல் சில நாள் பிந்தினாள். மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டு இரண்டாம் முறையும் எச்சரித்தார். இன்னொரு முறை பிந்தினால் வேலை போய்விடும். யோகமக்கா பஸ் படியில் ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். இரண்டு பேரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு யோகமக்கா வீட்டுக்கு வந்தார். கொண்டுவந்த மோதகத்தை மேசையில் வைத்தார்.

"புவனம், பஸ்ஸிலை போறது எனக்குப் பிரச்சினை இல்லை. முழங்கால் எங்கை போனாலும் நோகும். ஆனால் நீ இப்ப சிரிக்கிறேல்லை. உதுதான் எனக்குப் பிடிக்கேல்லை."

"பயமாக் கிடக்கு அக்கா. கண்ணை மூடினால் அந்த லொறியின்ரை லைற்றுத்தான் தெரியுது."

"அப்ப என்ன செய்யலாம்?"

இரண்டு பேருமாக மோதகத்தைச் சாப்பிட்டு முடித்தோம்.

பஸ்காரர் சொன்னது

வழியைக் கண்டுபிடித்தவள் றஞ்சி. தினமும் ஒரே பஸ்ஸில் போனதில் ஓட்டுநரோடு அவள் சிநேகமாகிவிட்டாள். ஒருநாள் பெரும் பனி. வீதியெல்லாம் கார்கள் கோணல்மாணலாக நிற்க, அந்த நீளப் பஸ் மட்டும் அன்னம்போலப் போனது. இறங்கும்போது அவரிடமே கேட்டுவிட்டாள். அந்தச் செய்தியை மதியச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்குச் சொன்ன வேகத்தில் அவள் சோற்றைத் தொடவே இல்லை.

"நீங்க மட்டும் எப்பிடிச் சறுக்காமப் போறீங்க எண்டு கேட்டன் அக்கா. 'சறுக்கும், ஆனா எங்களுக்கு அதையே ஒரு பாடமாப் பழக்கியிருக்காங்க' எண்டு சொன்னார். மறுகா, எங்களைப் போல ஆக்களுக்கும் பழக்குவாங்களா எண்டு கேட்டன். ஓமாம்! லைசென்ஸ் உள்ள ஆக்களுக்கெண்டே வகுப்பு இருக்காம். ஒரு முழு நாள். ஐஸிலயே விட்டுப் பழக்குவாங்களாம்!"

"லைசென்ஸ் எடுத்த பிறகும் வகுப்போ?" என்றார் யோகமக்கா. "கலியாணம் கட்டின பிறகு சாதகம் பாக்கிற மாதிரியெல்லோ கிடக்கு."

நான் சிரித்துவிட்டேன். பல வாரங்களுக்குப் பிறகு. அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையிலேயே வகுப்புக்கு என் பேர் பதியப்பட்டுவிட்டது.

மன்னிப்புக் கேட்கும் கால்

குறித்த சனிக்கிழமை என் கணவர் என்னை ஓடுபாதை வாசலில் கொண்டுபோய் இறக்கினார். "கவனம்" என்றார். பிறகு, "இல்லை... கவனமில்லாமலும் செய்து பாரும்" என்றார். அவருக்குப் பதற்றம்.

வந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். வேகக் கார் வைத்திருந்த இரண்டு பேர், ஒரு மருந்து விற்பனையாளர், ஜோ என்ற பாண் வான் ஓட்டுநர். ஜோவையும் ஒரு பனி நாள் பள்ளத்துக்குள் இழுத்துப் போட்டிருந்தது. மனைவி பிடித்துத் தள்ளியதால்தான் வகுப்புக்கு வந்ததாகச் சொன்னார். எனக்கு உடனே அவரைப் பிடித்துவிட்டது.

டோரின் எங்கள் பயிற்சியாளர். அறுபதை எட்டிக்கொண்டிருந்த பெண்மணி. இளமையில் வடக்கே உறைந்த ஏரிகளின்மேல் கார்ப் பந்தயம் ஓடியவராம். என்னைத் தன் மாணவியாக எடுத்துக்கொண்டு, பயிற்சிக் காருக்குள் ஏற்றி, முதலில் எப்படி உட்காருகிறேன் என்று பார்த்தார்.

நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த குஷனைப் போட்டு, நாடி ஸ்ரியறிங்கில் முட்டுமளவு முன்னுக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அந்தச் சக்கரத்தைச் சாப்பிடப்போகிறாயா?" என்றார்.

குஷனை எடுத்துப் பின்னால் போட்டார். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, உயர்த்தி, முதுகை நிமிர்த்தினார். கைகளைச் சக்கரத்தின் இரண்டு பக்கமும் வைக்கச் சொன்னார். பக்கக் கண்ணாடிகளை வெளிப்பக்கம் திருப்பினார். நிமிர்ந்து பார்த்தேன். அதுவரைக்கும் காரின் மூக்கைப் பார்த்துத்தான் நான் ஓட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. இப்போது ஓடுபாதை முழுக்கத் தெரிந்தது. அதன் முடிவில் நின்ற பழைய விமானக் கொட்டகையின் கதவுகூடத் தெரிந்தது.

அடுத்து பிறேக். காய்ந்த பகுதியில் வேகமாகப் போய், கூம்புகள் வரும் இடத்தில் முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். போனேன், மிதித்தேன். கார் நிதானமாக எல்லாக் கூம்புகளையும் தாண்டிப்போய் நின்றது.

"நீ பிறேக்கை மிதிக்கவில்லை. அதனிடம் மன்னிப்புக் கேட்கிறாய்" என்றார் டோரின். "மறுபடியும்."

மறுபடியும் போனேன். மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன்.

"உனக்குக் கோபமே வராதா? யாரையாவது நினைத்துக்கொள். மிதிக்கும்போது வாய்விட்டுக் கத்து."

யாரை நினைத்தேன் என்பதை எழுதப்போவதில்லை. அவருடைய உறவினர்கள் இந்த வார இதழைப் படிக்கிறார்கள். கூம்பு வந்தது. "பிள்ளையாரே!" என்று கத்திக்கொண்டு இரண்டு காலாலும் மிதித்தேன். கார் கடகடவென்று அதிர்ந்து, வேரூன்றியதுபோல நின்றது. பின் சீற்றில் கிடந்த குஷன் பறந்துவந்து முன் கண்ணாடியில் அடித்தது. டோரினின் கோப்பி மூடியைத் தள்ளிக்கொண்டு அவர் மடியில் கொட்டியது.

"இதுதான்!" என்று அவரும் கத்தினார். "யார் அந்தப் பிள்ளையார்? உன் மேலதிகாரியா?"

ஒருவகையில் அப்படித்தான் என்றேன்.

மதியம் ஒரு கூடாரத்துக்குள் எல்லோரும் சாண்ட்விச் பிரித்தார்கள். நான் ஆட்டிறைச்சி றோல்ஸ் கொண்டுபோயிருந்தேன். எல்லோருக்கும் கொடுத்தேன். டோரின் ஒன்றைக் கடித்ததும் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டார். ஜோ, பாணை விட்டுவிட்டு இதை விற்கலாமே என்று என்னோடு தீவிரமாக ஆலோசித்தார்.

கொட்டகைக் கதவு

சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஐஸ். தொடக்கத்தில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டேன்.

பிறேக்கிலிருந்து காலை எடுத்தேன். கார் நகர்ந்தது. கொஞ்சம் வேகம் பிடித்து, கூம்புகளைச் சுற்றி வளையும்போது, டோரின் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஹான்ட் பிறேக்கை இழுத்துவிட்டார்.

பின்பக்கம் புறப்பட்டது. அதே மார்கழிக் காலை. நான் ஸ்ரியறிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினேன். கார் பம்பரம்போலச் சுற்றி, பனிக் குவியலுக்குள் மெத்தென்று போய்ப் புதைந்தது.

சத்தமே இல்லை. விரல் இடுக்கால் பார்த்தேன். கண்ணாடி முழுக்க வெள்ளை.

"நீ கண்ணை மூடினால் காருக்கும் கண் தெரியாது" என்றார் டோரின்.

இரண்டாம் முறை கண்ணை மூடவில்லை. ஆனாலும் அதே பனிக் குவியலுக்குள்தான் போனோம்.

"எங்கே பார்த்தாய்?"

"பனியை. அதில் மோதக்கூடாதென்று பார்த்துக்கொண்டே இருந்தேன்."

"அதனால்தான் அதற்குள் இருக்கிறோம். கண் போகும் இடத்துக்குத்தான் உன் கை போகும். போகக்கூடாத இடத்தைப் பார்க்காதே. போக வேண்டிய இடத்தைப் பார்."

சொல்வதற்கு இலேசு. நான் விட்டு வந்த நாட்டில், ஆபத்து எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் உயிர் தப்பினோம். சந்தியில் நிற்கும் ஜீப், வானத்தில் வரும் ஹெலி, அவற்றிலிருந்து கண்ணை எடுத்தவர்கள் பலர் இன்று இல்லை. அந்தக் கண்களைத்தான் அவர் திருப்பச் சொன்னார். இதையெல்லாம் அவருக்கு விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை. "கஷ்டம்" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்" என்றார். பிறகு தூரத்தில் கையைக் காட்டினார். "அந்தக் கொட்டகைக் கதவு தெரிகிறதா? என்ன நடந்தாலும் அதைப் பார். பிறேக்கைத் தொடாதே. மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும்."

மூன்றாம் முறை. வளைவு. ஹான்ட் பிறேக். பின்பக்கம் புறப்பட்டது. பனிக் குவியல் கண்ணின் ஓரத்தில் வா வா என்று கூப்பிட்டது. நான் கழுத்தைத் திருப்பிக் கொட்டகைக் கதவைப் பார்த்தேன். துருப்பிடித்த கதவு, அதில் பாதி அழிந்த ஓர் இலக்கம். அதை மட்டும் பார்த்தேன்.

கைகள் தாமாகத் திரும்பின. பின்பக்கம் ஒருமுறை ஆடியது, மறுபக்கம் ஒருமுறை ஆடியது, பிறகு வீட்டுக்குத் திரும்பி வரும் பிள்ளைபோல முன்பக்கத்துக்குப் பின்னால் வந்து அடங்கியது. கார் நேரே கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நான் ஏதோ கத்தினேன். என்ன மொழி என்று தெரியாது. டோரின் என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"இன்னொருமுறை" என்றேன்.

பிறகு எத்தனை முறை சுற்றினோம் என்று யாரும் எண்ணவில்லை. இடப்பக்கம், வலப்பக்கம், வேகமாக, இன்னும் வேகமாக. சிலமுறை பிடித்தேன், சிலமுறை பம்பரமானேன். பம்பரமானபோதும் சிரிப்புத்தான் வந்தது. ஹான்ட் பிறேக்கை இழுக்க டோரின் மறந்தால், "இழுக்கவில்லையா?" என்று நானே கேட்டேன். ஓரத்தில் நின்ற ஜோ தன் முறை வந்தும் ஏறாமல் கை தட்டிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் இவர் வந்து என்னைக் கூப்பிட்டபோது, கத்திக் கத்திக் குரல் அடைத்து என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் பயந்துவிட்டார். நான் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, "அங்காலை இருங்கோ" என்று சைகை காட்டினேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடம். சனிக்கிழமை, பார்க்கிங்கில் ஓர் ஈ காக்கை இல்லை, அழுந்திய பனி மட்டும். உள்ளே திருப்பினேன்.

"இஞ்சை என்னத்துக்கு?"

பதில் சொல்லாமல் ஒரு வட்டம் எடுத்து, நடுவில் ஹான்ட் பிறேக்கை இழுத்தேன். எங்கள் நீலக் கார் அழகாக ஒரு அரைச் சுற்றுச் சுற்றியது. பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தைப் பார்த்தேன். கார் நிமிர்ந்தது.

இவர் மேலே இருந்த பிடியில் தொங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கில் கோணலாக இருந்தது.

"உமக்கென்ன விசரே?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். பார்க்கிங்கை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"எங்கை, இன்னொருக்கால் செய்யும் பாப்பம்."

மாம்பழ மஞ்சள்

அன்று மாலையே, அடைத்த குரலோடு, யோகமக்காவுக்கும் றஞ்சிக்கும் தொலைபேசி எடுத்தேன். "திங்கள் காலமை ஹோர்ன் அடிப்பன். ஆயத்தமா நில்லுங்கோ." மறுமுனையில் றஞ்சி கூவிய கூவலில் அவள் பிள்ளை எழும்பி அழுதது கேட்டது.

பயம் அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். முதல் வாரம் அந்த வளைவில் ஏறும்போது உள்ளங்கை வியர்த்தது. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வளைவு எங்கே முடிகிறதோ அங்கே பார்த்தேன். ஒருநாள் முன்னால் போன லொறியை முந்தினேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக அதன் முகத்தைப் பார்த்தேன். யோகமக்கா சாரதிக்குக் கை காட்டினார். றஞ்சி அதற்குப் பிறகு வேலைக்குப் பிந்தவே இல்லை.

பங்குனி முடிகிற காலம். இனிப் பனி இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை கொட்டியது. ஹைவேயில் வாகனங்கள் ஊர்ந்தன. காருக்குள் பெரிய விவாதம். யோகமக்காவின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. கூறைக்கு மேலதிகமாக எடுக்கும் சேலை என்ன நிறம் என்பதுதான் பிரச்சினை.

"மாம்பழ மஞ்சள்தான் அவளின்ரை நிறத்துக்கு எடுக்கும்" என்றார் யோகமக்கா.

"போங்கக்கா, மயில் கழுத்துப் பச்சை எடுங்க. போட்டோவில எவ்வளவு வடிவா வரும்!" என்றாள் றஞ்சி.

மேம்பாலம் ஒன்றின்மேல் ஏறினோம். பாலத்துத் தளம் எப்போதும் முதலில் உறையும் என்று டோரின் சொல்லியிருந்தார். வேகத்தைக் குறைத்துத்தான் போனேன். அப்படியிருந்தும் நடுப்பாலத்தில் பின்பக்கம் மெல்லப் புறப்பட்டது. இடப்பக்கம் கொங்கிறீற்றுச் சுவர், வலப்பக்கம் ஒரு வான்.

நான் இரண்டையும் பார்க்கவில்லை. பாலத்துக்கு அப்பால், எங்கள் லேனில், முன்னால் போன காரின் சிவப்பு விளக்குகளுக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தேன். கால் பிறேக்கின் பக்கம் போகவில்லை. கைகள் கொஞ்சம் திரும்பின, பிறகு கொஞ்சம் மீண்டன. கார் ஒரு பெருமூச்சு விட்டதுபோல நேரானது. பாலம் முடிந்தது.

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். முன் சீற்றில் யோகமக்கா, பச்சை உடுத்த பெண்கள் எல்லோரும் கலியாணத்தன்று எப்படிக் களைத்துத் தெரிந்தார்கள் என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் றஞ்சி போத்தலிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. இரண்டு பேருக்கும் ஒன்றுமே தெரியவில்லை!

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தனியே சிரித்தேன்.

"நீ ஏன் சிரிக்கிறாய்? சொல்லு புவனம், மஞ்சளோ, பச்சையோ?"

"ரண்டையும் எடுங்கோ அக்கா" என்றேன். "ரண்டும் வடிவுதான்!"

யோகமக்கா இரண்டையும்தான் எடுத்தார்.